ஐடிலில் கூட சிபியூ 66 டிகிரி: வெயிலா, கூலரா?

வேலந்தாவளம்_ஸ்டூடியோ (திங்கள் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஊர் வேலந்தாவளம், செக்போஸ்ட் தாண்டி கேரளா பக்கம். சிஸ்டம் மூன்றரை வருஷம் முன்னால் கோயம்புத்தூரில் அசெம்பிள் செய்தது. ஐ5-10400 ப்ராசசர், ஹெச்510 போர்டு, 16 ஜிபி ராம், பாக்ஸோடு வந்த அதே கூலர். தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

பத்து நாளாக ஐடிலில், அதாவது ஒன்றுமே திறக்காமல் டெஸ்க்டாப் மட்டும் இருக்கும்போது கூட கோர் டெம்ப் 62-லிருந்து 68 வரை காட்டுகிறது. பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற செட்டிங்ஸ் திரை) போனால் 71. ஃபோட்டோஷாப்பில் 40 பக்க ஆல்பத்தை எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் 99, 100, அப்புறம் வேகம் அப்படியே படுத்துவிடுகிறது. முன்பு கால் மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு இப்போது அரை மணிக்கு மேல் ஆகிறது. வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "உங்க ஊர் வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், புது ப்ராசசர் போட்டுடுங்க" என்றார்கள். போன வாரம் நானே ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசுகிற தெர்மல் பேஸ்ட் வாங்கிப் போட்டேன். குறையும் என்று பார்த்தால் நாலு டிகிரி ஏறித்தான் இருக்கிறது.

சிஸ்டம் இருப்பது மர மேஜையின் கதவு போட்ட அறைக்குள். பக்கத்தில் தேங்காய் நார் மில், அந்தத் தூசிக்குப் பயந்துதான் உள்ளே வைத்தேன். மூணு கல்யாணம் கையில் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஊத்துக்கோட்டை_எல்லை

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நான் ஆந்திரா எல்லையில், சத்தியவேடு ரோட்டுப் பக்கம் இருக்கிறேன். மே மாசம் எங்கள் வீட்டு மாடி ரூம் 38 டிகிரி. ரூமை விடக் கீழே எந்த ஃபேனும் கூலரும் ப்ராசசரைக் கொண்டுபோக முடியாது. இணையத்தில் "ஐடில் 35 இருக்கணும்" என்று எழுதுகிறவர்கள் பாதிப் பேர் ஏசி ரூமிலோ குளிர் நாட்டிலோ இருப்பவர்கள். உங்கள் ரூம் எத்தனை டிகிரி என்று முதலில் சொல்லுங்க.

பாலக்காடு_பிசி

ஸ்டாக் கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டு வாட்டர் கூலர் வாங்கிடுங்க. பிரச்சினை தீர்ந்தது.

பொள்ளாச்சி_சர்வீஸ்

அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம் தம்பி. 65 வாட் ப்ராசசருக்கு வாட்டர் கூலர் தேவையே இல்லை. பதினெட்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், சூடு என்று என் கடைக்கு வருகிற சிஸ்டங்களில் ப்ராசசர் கெட்டுப்போனது என்று ஒன்றைக் கூட நான் மாற்றியதில்லை.

டிகிரியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வாட்டைப் பாருங்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற புரோகிராமை இறக்கி, சென்சார்ஸ் மட்டும் டிக் செய்து திறந்தால் "சிபியூ பேக்கேஜ் பவர்" என்று ஒரு வரி வரும். ப்ராசசர் இந்த நிமிஷம் எத்தனை வாட் சாப்பிடுகிறது என்பது அதுதான். சாப்பிடுகிற ஒவ்வொரு வாட்டும் சூடாகத்தான் வெளியே வரும், வேறெங்கும் போகாது. ஆக ஐடிலில் சூடு என்றால் இரண்டே வழிதான். ஒன்று, சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் ப்ராசசர் சும்மா இல்லை, வாட் அதிகம். இல்லையென்றால் வாட் சரியாக இருக்கிறது, உண்டான சூடு வெளியே போகவில்லை. முதல் வழி சாஃப்ட்வேர், செட்டிங்ஸ். இரண்டாவது வழி கூலர், பேஸ்ட், தூசி, காற்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேஸ்ட்டை மட்டும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

உங்கள் ப்ராசசர் ஐடிலில் 8-லிருந்து 12 வாட் வரை இருந்தால் நல்லது. 25, 30 என்று காட்டினால் யாரோ அதைத் தூங்க விடவில்லை.

பயாஸில் காட்டும் 71-ஐ மறந்துவிடுங்க. பயாஸுக்குள் இருக்கும்போது ப்ராசசர் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற தூக்கத்துக்குப் போகாது, அதனால் அங்கே விண்டோஸ் ஐடிலை விட எப்போதும் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து போன் செய்பவர்கள் ஏராளம்.

இன்னொன்று. ஆல்பம் வேலை செய்கிறவர்களிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி, தப்பாக நினைக்காதீங்க. கிராக் செய்த சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கிறதா? அதோடு சேர்ந்து கிரிப்டோ காயின் தோண்டுகிற புரோகிராம் உள்ளே வந்துவிடும். சிலது டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே வேலையை நிறுத்திக்கொள்ளும், மூடினால் மறுபடி ஆரம்பிக்கும். அதனால் டாஸ்க் மேனேஜரை மூடிவிட்டு ஹெச்டபிள்யூஇன்ஃபோவை மட்டும் ஓட விட்டு அரை மணி நேரம் வாட்டைக் கவனியுங்க.

மூன்று எண் மட்டும் எழுதுங்க: ரூம் டிகிரி, ஐடில் வாட், ஐடில் டிகிரி. அப்புறம் எக்ஸ்போர்ட் ஓடும்போது வாட் எவ்வளவு, டிகிரி எவ்வளவு.

வேலந்தாவளம்_ஸ்டூடியோ

ரொம்ப நன்றிங்க அண்ணா. சுவர் தெர்மாமீட்டரில் ரூம் 35. ஐடில் 31 வாட், 66 டிகிரி. டாஸ்க் மேனேஜர் மூடி வைத்து முக்கால் மணி நேரம் பார்த்தேன், 29-க்கும் 33-க்கும் நடுவிலேயே நின்றது. ஆறு கோரும் 4.0 கிகாஹெர்ட்ஸ் காட்டுகிறது, கீழே இறங்கவே இல்லை. எக்ஸ்போர்ட்டில் முதலில் கொஞ்ச நேரம் வாட் 90-ஐத் தாண்டுகிறது, உடனே 100 டிகிரி வந்து 65-க்கும் கீழே இறங்கிவிடுகிறது.

ஒரு பழைய பிளக்-இன் யாரோ போட்டுக் கொடுத்தது இருந்தது, எடுத்துவிட்டேன். விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினேன், ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா மகன் லீவுக்கு வந்தபோது கேம் ஆட "ஸ்பீடு ஏத்துறேன்" என்று பயாஸில் ஏதோ செய்தான். அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பொள்ளாச்சி_சர்வீஸ்

அதுதான். பயாஸில் அட்வான்ஸ்டு சிபியூ பக்கம் போய் "சி-ஸ்டேட்ஸ்" (வேலை இல்லாத கோரைத் தூங்க வைக்கிற வசதி) என்பதைப் பாருங்க, டிசேபிள் ஆகியிருக்கும். எனேபிள் அல்லது ஆட்டோ வையுங்க. விண்டோஸ் பவர் பிளானில் ஹை பெர்ஃபார்மன்ஸ் இருந்தால் பேலன்ஸ்டு ஆக்கிவிடுங்க. அதன் அட்வான்ஸ்டு செட்டிங்கில் மினிமம் ப்ராசசர் ஸ்டேட் 100 என்று இருந்தால் 5 ஆக்குங்க.

இதில் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். கிளாக் 4.0 என்று காட்டுவது மட்டும் பெரிய குற்றமில்லை, சி-ஸ்டேட் வேலை செய்தால் வேலை இல்லாத கோர் கிளாக் எதுவாக இருந்தாலும் தூங்கிவிடும். தூக்கத்தையே அணைத்து வைத்ததுதான் உங்களுடைய 31 வாட்.

சேலம்_ரைசன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கணும். எனக்கு ரைசன் 5 3600. ஐடிலில் 45-லிருந்து திடீரென்று 58-க்குத் தாவுகிறது, மறுபடி இறங்குகிறது, ஃபேன் ஏறி இறங்கி ஒரே சத்தம். எனக்கும் இதே கோளாறா?

பொள்ளாச்சி_சர்வீஸ்

இல்லைங்க, அது ரைசனின் குணம். ஒரு சின்ன வேலை வந்தாலும் ஒரு கோரை முழு வேகத்துக்குத் தூக்கி முடித்துவிட்டு இறங்கும், சிப் சின்னது என்பதால் டிகிரி அந்த நொடியே தாவும். அந்த மாதிரி சிப்லெட் (சின்னச் சின்ன சிப்களைச் சேர்த்துச் செய்த) ரைசன் ஐடிலில் 20 வாட்டுக்கு மேல் காட்டுவதும் சகஜம். அதன் எல்லை 95 டிகிரி, 58-க்குக் கவலையே வேண்டாம். பயாஸில் ஃபேன் கர்வில் (எந்த டிகிரிக்கு ஃபேன் எந்த வேகம் என்ற செட்டிங்) 60 டிகிரி வரை ஒரே வேகம் வையுங்க, ஃபேன் ஏறுவதற்கு முன் சில நொடி பொறுக்கிற மாதிரி ஸ்டெப்-அப் டைம் இருந்தால் அதைக் கூட்டுங்க. உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். கூலரைக் கழற்ற நேர்ந்தால் மட்டும் ஜாக்கிரதை. உங்கள் ப்ராசசருக்கு அடியில் ஊசிகள் இருக்கும், பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் கூலரோடு ப்ராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி அணைத்து, மெதுவாக இடவலமாகத் திருகி எடுங்க.

வேலந்தாவளம்_ஸ்டூடியோ (செவ்வாய் இரவு)

அண்ணா, டிசேபிள்தான் ஆகியிருந்தது. எனேபிள் செய்து பேலன்ஸ்டு மாற்றினேன். ஐடில் 9 வாட், 45 டிகிரி! கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை. ஆனால் சந்தோஷம் பத்து நிமிஷம்தான். எக்ஸ்போர்ட் போட்டேன், பழையபடி 100. ஐடில் மட்டும்தான் சரியாகியிருக்கிறதா?

பொள்ளாச்சி_சர்வீஸ்

எதிர்பார்த்ததுதான். நேற்று நீங்கள் கொடுத்த எண்ணிலேயே இது தெரிந்தது, ஆனால் ஒவ்வொன்றாகப் போகலாம் என்று இருந்தேன். கணக்கு பாருங்க. நேற்று ரூம் 35, ப்ராசசர் 66, வித்தியாசம் 31. வாட்டும் 31. அதாவது ஒவ்வொரு வாட்டுக்கும் ஒரு டிகிரி ஏறுகிறது. இதே கூலர் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் வாட்டுக்கு அரையிலிருந்து முக்கால் டிகிரிதான் ஏறும், என் மேஜையில் எத்தனையோ தடவை பார்த்தது. இன்று 9 வாட், ரூமை விடப் பத்து டிகிரி மேலே, அதே விகிதம். இப்போது எக்ஸ்போர்ட்டுக்கு வாங்க. 65 வாட்டுக்கு 65 டிகிரி, ரூம் 35, கூட்டினால் 100. உங்கள் ப்ராசசர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிற எல்லையும் 100தான். முதல் 28 நொடி 134 வாட் வரை போக அதற்கு அனுமதி உண்டு, நீங்கள் பார்த்த 90 அதுதான், அதைத் தாங்க உங்கள் கூலரால் முடியவில்லை.

ஆக உங்களுக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருந்திருக்கிறது. வாட் நோய் தீர்ந்தது. இனி சூடு போகிற வழி.

அதிலும் இரண்டு உண்டு. எக்ஸ்போர்ட் கொடுத்த நொடியிலிருந்து டிகிரியைப் பாருங்க. இரண்டு மூன்று நொடியில் 45-லிருந்து 90-க்குப் பாய்ந்தால் ப்ராசசருக்கும் கூலருக்கும் தொடர்பு சரியில்லை, பேஸ்ட் அல்லது கூலர் பொருத்தியதில் கோளாறு. மெதுவாக, ஐந்து பத்து நிமிஷமாக ஏறிப் போய் நின்றால் காற்றோட்டம். அந்த மேஜைக் கதவைத் திறந்து வைத்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை பாருங்க.

வேலந்தாவளம்_ஸ்டூடியோ

கதவு மூடி: மூன்று நொடியில் 88, அப்புறம் 100. கதவைத் திறந்து கேபினட் பக்கத் தகட்டையும் கழற்றி: மூன்று நொடியில் 84, அப்புறம் 95. அப்படியென்றால் இரண்டுமா?

பொள்ளாச்சி_சர்வீஸ்

இரண்டும்தான், பெரியது தொடர்பு. கூலரை எடுங்க. ஆனால் பேஸ்ட் போட்ட பிறகு நாலு டிகிரி கூடியது என்றீர்களே, அங்கேயே எனக்கு சந்தேகம். அந்தக் கூலரில் நாலு மூலையிலும் போர்டுத் துளைக்குள் அழுத்திப் பொருத்துகிற பிளாஸ்டிக் புஷ்-பின். நாலில் ஒன்று பாதி உட்கார்ந்தால் போதும், கூலர் அந்த மூலையில் தூக்கிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

கழற்ற நாலு தலையையும் அதன் மேல் இருக்கும் அம்புக்குறி காட்டும் பக்கம் கால் திருப்பு திருப்பி மேலே இழுக்கணும். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்க, கண்டபடி சுற்ற விட்டால் பேரிங் போகும். பழைய பேஸ்ட்டைத் துடைக்க மொபைல் ஸ்பேர்ஸ் கடையில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கேளுங்க. சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், படலம் நின்றுவிடும்.

பாலக்காடு_பிசி

பேஸ்ட்டை பட்டாணி அளவு நடுவில் வைக்கணுமா, கார்டால் தேய்த்துப் பரப்பணுமா? டூத்பேஸ்ட் போட்டால் கூடக் குறையும் என்று ஒரு வீடியோ பார்த்தேன்.

பொள்ளாச்சி_சர்வீஸ்

டூத்பேஸ்ட்டில் இருப்பது தண்ணீர். முதல் நாள் குறைவது போலத் தெரியும், தண்ணீர் வற்றியதும் சுண்ணாம்புக் கட்டிதான் மிச்சம். தயவுசெய்து யாரும் செய்யாதீங்க. பட்டாணியோ பரப்புவதோ, எதைச் செய்தாலும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராது. அழுத்தம் சமமாக விழுகிறதா என்பதுதான் முக்கியம்.

வேலந்தாவளம்_ஸ்டூடியோ (புதன் மதியம்)

கழற்றிவிட்டேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ஃபேனை மட்டும் தனியாக எடுத்தபோது கீழே அலுமினியத் தகடே தெரியவில்லை. நார்த்தூள் ஒரு வட்டமான கம்பளித் துண்டு மாதிரி, செம்மண் நிறத்தில், ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவில் படிந்து கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் முழுசாக, உடையாமல், தோசை மாதிரி எழும்பி வந்தது. கையில் வைத்துப் பார்த்தால் பொடிப் பொடி நார்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. தூசிக்குப் பயந்து கதவு போட்டது எதற்கும் உதவவில்லை.

ப்ராசசரின் மேல் நான் போட்ட பேஸ்ட், ஒரு பக்கம் மெல்லிசாக, கண்ணாடி மாதிரி அழுந்தியிருந்தது. எதிர் மூலையில் நான் வைத்த மேனிக்கே குமிழாக நின்றது, கூலர் அங்கே தொடவே இல்லை. அந்த மூலை பின்னின் வெள்ளைக் காலில் ஒன்று வளைந்து நடுவில் விரிசல். போர்டுக்குப் பின்பக்கம் வெளியே வரவே இல்லை.

கூலர் போய்விட்டது என்று நினைக்கிறேன். புதுசு வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறை_டிடிபி

தம்பி, நான் கொழிஞ்சாம்பாறையில் தமிழ், மலையாளம் இரண்டிலும் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். எங்கள் பழைய ஐ7 சிஸ்டம் போர்டு போய்விட்டது, 1155 சாக்கெட் (ப்ராசசர் உட்காரும் இடத்தின் வகை), அதன் கூலர் அப்படியே இருக்கிறது. அடியில் வட்டமாகச் செம்பு வைத்தது. உங்களுக்குப் பொருந்தினால் வந்து எடுத்துக்கொள்ளுங்க, காசு வேண்டாம். நார்த்தூள் எனக்கும் உண்டு. ஆனி, ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஜன்னல் திறந்தால் கீபோர்டு செம்மண் நிறமாகிவிடும். நான் கேபினட் முன்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தில் கொசுவலைத் துணி ஒற்றை மடிப்பாக ஒட்டியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தட்டிவிடுவேன். இரண்டு மடிப்பு வைத்தால் காற்றே போகவில்லை, அதையும் பார்த்துவிட்டேன்.

பொள்ளாச்சி_சர்வீஸ்

தாராளமாகப் பொருந்தும்ங்க. 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றுக்கும் துளை இடைவெளி ஒன்றுதான், 75 மில்லிமீட்டர். 1700 வந்த பிறகுதான் 78 ஆனது, அதற்கென்று மட்டும் விற்கிற கூலரைத் தம்பி வாங்கிவிடக் கூடாது. செம்பு அடி என்றால் இன்னும் நல்லது.

பொருத்தும்போது போர்டை கேபினட்டிலிருந்து வெளியே எடுத்துவிடுங்க, சோம்பல் படாதீங்க. நாலு தலையையும் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் கடைசி வரை திருப்பி வையுங்க. எதிரெதிர் மூலையாக, இரண்டு இரண்டாக அழுத்துங்க. நாலு 'டக்' கேட்கணும். போர்டைத் திருப்பிப் பார்த்தால் நாலு துளையிலும் வெள்ளைக் கால் விரிந்து நடுவில் கறுப்பு ஊசி தெரியணும். ஃபேன் வயர் சிபியூ ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் போகணும்.

வேலந்தாவளம்_ஸ்டூடியோ (வியாழன் இரவு)

கொழிஞ்சாம்பாறை அக்கா கொடுத்த கூலர் போட்டாயிற்று. நாலாவது 'டக்' கேட்க மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. மேஜைக் கதவைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன், முன்பக்கம் கொசுவலை ஒற்றை மடிப்பு. ரூம் 34. ஐடில் 9 வாட், 41 டிகிரி. நேற்று 100 தொட்ட அதே ஆல்பம், 65 வாட், 73 டிகிரியில் நின்றது. 16 நிமிஷத்தில் எக்ஸ்போர்ட் முடிந்தது. ஃபேன் ஓடுவதே கேட்கவில்லை, ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா, அடுத்த வாரம் வரும்போது உங்கள் மூன்று சிஸ்டத்தையும் நானே கழற்றித் தூசி எடுத்துத் தருகிறேன்.

கொழிஞ்சாம்பாறை_டிடிபி

வாப்பா. ஞாயிறு மத்தியானம் சென்டர் மூடியிருக்கும், அப்போது வா. சாப்பாடு இங்கேதான்.

ஊத்துக்கோட்டை_எல்லை

இதைப் படித்துவிட்டு நானும் என்னுடையதைப் பார்த்தேன். ஐ3-10100. ரூம் 38, ஐடில் 10 வாட், 46 டிகிரி. முழு வேலையில் 50 வாட், 71. பேஸ்ட் போட்டு நாலு வருஷம் ஆகிறது. மாற்றிவிடட்டுமா?

பொள்ளாச்சி_சர்வீஸ்

71-இல் 38 போனால் 33, அதை 50 வாட்டால் வகுத்தால் வாட்டுக்கு 0.66 டிகிரி. ஐடிலில் ஃபேன் மெதுவாகச் சுற்றும், அதனால் அங்கே விகிதம் கொஞ்சம் கூடத் தெரியும், அதைப் பார்க்காதீங்க. கூலர் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, கழற்றாதீங்க. தூசி மட்டும் தட்டிவிட்டு மூடிடுங்க.